குடும்பப்பெயரைப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் தேடுவது எப்படி?

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை வைத்து ஒரு குடும்பப்பெயரை எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பின்தொடரலாம், நடுவில் அந்தப் பெயர் மறைந்துபோனால் எப்படி மீட்டெடுப்பது என்பதே கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்துக்கு 1841 வரையில் போகலாம். அமெரிக்காவில் வீட்டிலிருந்த அனைவரின் பெயரோடும் 1850 வரையிலும், குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் போதுமென்றால் 1790 வரையிலும் போகலாம். அயர்லாந்தில் பெரும்பாலும் 1901இலேயே வழி அடைபட்டுவிடும். ஆனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் இரண்டாவது மூன்றாவது கணக்கெடுப்பிலேயே தடம் மாறிவிடுகிறார்கள். பின்தொடர வேண்டியது ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த ஒரு கூட்டத்தை. குடும்பப்பெயர் அந்தக் கூட்டத்தின்மேல் ஒட்டப்பட்டு, அடிக்கடி கிழித்து மாற்றப்பட்ட ஒரு சீட்டு மட்டுமே.

அந்தப் பெயர் தாளில் ஏறிய விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். பிரிட்டனில் 1841 முதல், கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவத்தை முன்கூட்டியே கொடுத்து, குறிப்பிட்ட ஞாயிறு இரவு அங்கே தங்கியவர்களின் விவரங்களை நிரப்பச் சொல்லி, அடுத்த நாள் வந்து வாங்கிச் சென்றார். எழுதத் தெரியாதவர்களின் வீட்டில் அவரே கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் ஓர் ஏட்டில் தம் கையால் படியெடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். வீட்டுப் படிவங்கள் பிற்பாடு அழிக்கப்பட்டன. 1841 முதல் 1901 வரை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நாம் இன்று பார்ப்பவை அந்தப் படியெடுத்த ஏடுகளே. ஆக, வீட்டுக்காரர் சொன்னது, கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தது, அவர் படியெடுத்தது, நூறாண்டுக்குப் பிறகு ஒருவர் திரையில் பார்த்துத் தட்டச்சு செய்தது என்று நான்கு படிகளைத் தாண்டித்தான் தேடுபொறியில் அந்தப் பெயர் நமக்குக் கிடைக்கிறது. இதற்கிடையில், மொத்தங்களைக் கூட்டிய எழுத்தர்கள் பென்சிலால் இழுத்த கோடுகள் வயதுகளின்மேல் விழுந்து, 1-ஐ 7 போலவும் 3-ஐ 8 போலவும் காட்டும். அக்காலக் கையெழுத்தில் இரட்டை 'எஸ்' எழுதப்பட்ட முறையால் அது 'பி' (p) என்ற எழுத்தாகப் படிக்கப்படுவது மிகச் சாதாரணம். 'ஜெஸ்ஸி' என்ற பெயர் அட்டவணைகளில் எவ்வளவு விசித்திரமான உருவங்களில் கிடக்கிறது என்பதைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய எழுத்து 'எஸ்' 'எல்'லாகவும், 'டி' (T) 'எஃப்'பாகவும், 'ஐ' 'ஜே'யாகவும் மாறும். எனவே "எங்கள் குடும்பம் எப்போதும் இந்த எழுத்துக்கூட்டலில்தான் எழுதியது" என்ற நம்பிக்கையோடு தேடத் தொடங்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உழைக்கும் மக்களின் பெயருக்கு நிலையான எழுத்துக்கூட்டல் என்று ஒன்று இருக்கவில்லை.

1911இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை மாறியது. அந்த ஆண்டு முதல் குடும்பத் தலைவர் தம் கைப்பட நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டது. மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்ற கேள்விகளும் அதில் வந்தன. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் பிறந்து மறைந்ததால் எந்த ஏட்டிலும் இடம்பெறாத குழந்தைகள் இருந்தனர் என்பதை அந்த ஒரு பத்திதான் காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால், பிரிட்டிஷ் ஏடுகளில் மிக மதிப்புமிக்க பக்கம் 1911ஆம் ஆண்டின் பக்கமே. பலர் அதில் பெயரையும் வயதையும் மட்டும் குறித்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு ஆண்டின் ஏடும் எதைக் கேட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் படிப்பதில் பயனில்லை. 1801 முதல் 1831 வரை நடந்தவை அநேகமாக வெறும் தலைக்கணக்கு. பெயரோடு தப்பிய தாள்கள் சில ஊர்களுக்கு மட்டும் உண்டு. 1841இல் பெயர்கள் வந்தன, ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பது கேட்கப்படவில்லை. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயது ஐந்தின் மடங்குக்குக் கீழ்நோக்கிக் குறைக்கப்பட்டது. அதாவது '35' என்று எழுதியிருந்தால் 35 முதல் 39 வரை எதுவாகவும் இருக்கலாம். எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் இந்த விதியைப் பின்பற்றவுமில்லை. பிறந்த இடம் இதே கவுண்டியா (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இல்லையா, ஸ்காட்லாந்து, அயர்லாந்து அல்லது வெளிநாடா என்பது மட்டுமே பதிவாயிற்று. 1851இல்தான் குடும்பத் தலைவரோடு உள்ள உறவு, மணநிலை, சரியான வயது, பிறந்த ஊர் ஆகியவை சேர்ந்தன. ஆகவே 1841இல் ஒரு வீட்டைக் கண்டால், அதை 1851ஆம் ஆண்டின் துணையோடுதான் படிக்க வேண்டும். தனியே நின்றால் அதில் இருப்பவர்கள் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்றுகூடச் சொல்ல முடியாது.

தேடலை எப்போதும் நமக்கு நன்கு தெரிந்த, காலத்தால் பிந்திய ஆளிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். பிரிட்டனில் நூறாண்டு மறைப்பு விதியால் இப்போது பார்வைக்குக் கிடைக்கும் கடைசி ஏடு 1921ஆம் ஆண்டுடையது. அது 2022 ஜனவரியில் வெளியாயிற்று. இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942 டிசம்பரில் ஏற்பட்ட தீவிபத்தில் எரிந்துபோயின. 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு. குடும்பப்பெயரைத் தேடுபவருக்கு அதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிற்காலத்தில் அந்தப் பதிவேட்டை மருத்துவச் சேவைக்கும் பயன்படுத்தியதால், 1939க்குப் பிறகு மணமான பெண்களின் புதிய குடும்பப்பெயர்கள் பழைய பெயரின் அருகில் எழுதிச் சேர்க்கப்பட்டுள்ளன. சகோதரிகளின் வழியே குடும்பத்தைத் தேடுபவர்களுக்கு இதைவிட வசதியான ஏடு கிடையாது.

பின்னோக்கிப் போகும்போது நடப்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் காட்டுகிறேன். லங்காஷயரின் பர்ன்லி நகரில் 1901இல் தாமஸ் ஹார்கிரீவ்ஸ் என்ற நெசவாலைத் தொழிலாளி, வயது 43, மனைவி குழந்தைகளோடு இருக்கிறார் என்று கொள்வோம். 1891இல் அதே மனைவியோடு, 31 வயது என்ற பதிவோடு அகப்படுகிறார். பத்தாண்டில் பன்னிரண்டு வயது கூடியது கண்டு தயங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டு வேறுபாடு இந்த ஏடுகளில் இயல்பு. 1881இல் திருமணத்துக்கு முன் வாடகைக்குத் தங்கியிருந்தவராக அகப்படுகிறார். 1871இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருக்க வேண்டியவர், அந்தப் பெயரில் எங்குமே இல்லை. இங்கேதான் பெயரை விட்டுவிட வேண்டும். குடும்பப்பெயர் கட்டத்தை வெறுமையாக வைத்து, 'தாமஸ்', பிறந்த ஆண்டு 1857 முதல் 1861 வரை, பிறந்த ஊர் பாடியம் (பர்ன்லிக்கு அருகில் உள்ள ஊர், முந்தைய ஏடுகளிலிருந்து எடுத்தது) என்று மட்டும் கொடுத்துத் தேடினால், ஜேம்ஸ் விட்டேக்கர் என்பவரின் வீட்டில் 'தாமஸ் விட்டேக்கர், வயது 12' என்று ஒருவன் அகப்படுகிறான். அவனுக்கு எதிரே உறவு 'மருமகன்' என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் மருமகனா என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. அந்தக் காலத்து ஆங்கில வழக்கில், மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளையையும் இதே உறவுச் சொல்லால் குறித்தார்கள். தாயின் பெயரையும் வயதையும் குறித்துக்கொண்டு, 1861க்கும் 1871க்கும் இடைப்பட்ட திருமணப் பதிவில் ஹார்கிரீவ்ஸ் என்ற விதவை விட்டேக்கரை மணந்திருக்கிறாரா என்று பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. 1861இல் இரண்டு வயதுத் தாமஸ், தந்தை ஜான், தாய் பெட்டி ஆகியோரோடு பாடியத்தில் இருப்பான். அங்கிருந்து ஜானைப் பிடித்து 1851, 1841 என்று மேலே ஏறலாம்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. ஹார்கிரீவ்ஸ் என்பது கிழக்கு லங்காஷயரில் நெருக்கமாகக் காணப்படும் பெயர். அதே வயதில் அதே ஊரில் இன்னொரு தாமஸ் ஹார்கிரீவ்ஸ் இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்த இன்னொருவனையும் எடுத்துக்கொண்டு முன்னோக்கிப் போய், அவன் சிறுவயதிலேயே இறந்தானா, 1901இல் வேறு வீட்டில் வேறு மனைவியோடு இருக்கிறானா என்று முடிவுகட்ட வேண்டும். போட்டியாளர்கள் எல்லாரும் கழிந்த பிறகு எஞ்சுபவனே நம்முடையவன். இணையத்தில் பிறர் ஏற்றிவைத்திருக்கும் வம்ச மரங்களில் பெரும்பாலான பிழைகள் இந்தக் கழித்தல் வேலையைச் செய்யாததால் வந்தவை என்பது என் கணிப்பு. ஒருவர் தவறாக இணைத்த தந்தையை நூறு பேர் படியெடுத்துவிட்டால் அது உண்மைபோல் தோற்றம் கொண்டுவிடுகிறது.

பெயர் மாறி எழுதப்பட்டதைச் சமாளிக்க 'சவுண்டெக்ஸ்' என்ற முறை உண்டு. ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற இந்த முறையில் பெயரின் முதல் எழுத்து அப்படியே நிற்கும், உயிரெழுத்துகள் விடப்படும், ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கப்படும். ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் மூன்றும் எஸ் 530 என்ற ஒரே குறியீட்டுக்குள் வந்துவிடும். அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்றில்லாத முதியோர் வயதை நிரூபிக்கப் பழைய கணக்கெடுப்புகளை நாட வேண்டியிருந்தது. 1880, 1900, 1920 ஆகிய ஆண்டுகளின் ஏடுகளுக்குச் சவுண்டெக்ஸ் அட்டைகள் தயாரானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1880ஆம் ஆண்டுக்கு, பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்த வீடுகளுக்கு மட்டுமே அட்டை எழுதினார்கள் என்பதற்கும் அதுவே காரணம். இந்த முறையின் பெரிய ஓட்டை முதல் எழுத்து. ஹார்கிரீவ்ஸ் எச் 626. பேச்சில் 'ஹ' ஒலியை விழுங்கும் ஒருவர் சொல்லிக் கணக்கெடுப்பாளர் 'ஆர்கிரீவ்ஸ்' என்று எழுதியிருந்தால் அது ஏ 626 ஆகி எங்கோ போய்விடும். அதனால் முதல் எழுத்தையே மாற்றிப் பார்ப்பது, நடுவில் ஐயமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி இட்டுத் தேடுவது, குடும்பத்தில் அரிதான முதற்பெயர் கொண்ட பிள்ளையின் பெயரால் தேடுவது, தேடுபொறியை ஒதுக்கிவிட்டு அந்தத் தெருவின் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது ஆகியவை தேவைப்படும். கடைசியாகச் சொன்னது அலுப்பான வேலை. ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் மாமனார், கொழுந்தன், திருமணச் சாட்சிகள் என்று தெரிந்த பெயர்கள் தட்டுப்படுவது அப்போதுதான்.

அமெரிக்க ஏடுகளில் மறைப்புக் காலம் 72 ஆண்டு. 1950ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் பால், வயது வாரியான எண்ணிக்கைகள். 1880இல் உறவுமுறையும் பெற்றோரின் பிறப்பிடமும், 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும் நாட்டுக்குள் வந்த ஆண்டும் சேர்ந்தன. பெரிய இழப்பு 1890. வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் 1921 ஜனவரியில் பற்றிய தீயும், அதை அணைக்கக் கொட்டிய நீரும், எஞ்சியவற்றைப் பின்னர் அதிகாரிகளே அழித்ததும் சேர்ந்து, 6.2 கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவில் ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்களையே விட்டுவைத்தன. 1881இல் பிறந்து 1900க்குள் வீட்டைவிட்டு வெளியேறிய பெண் தன் பெற்றோருடன் எந்த ஏட்டிலும் தோன்றமாட்டாள். அந்த இருபதாண்டு இடைவெளியை நகர முகவரிக் கையேடுகள், நியூயார்க் மாநிலம் 1892இல் தனியாக எடுத்த கணக்கெடுப்பு போன்றவற்றைக் கொண்டுதான் கடக்க வேண்டும்.

அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரின் குடும்பப்பெயரைத் தேடுபவர்கள் சந்திக்கும் சுவர் இதைவிடக் கடுமையானது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமை அட்டவணைகளில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே எழுதப்பட்டன. மனிதர்களின் பெயர் அநேகமாக எங்கும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு தோன்றுவது 1870இல். அப்போது அவர்கள் சூடிக்கொண்ட பெயர் கடைசி உரிமையாளரின் பெயர்தான் என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை. முந்தைய உரிமையாளரின் பெயரையோ, தந்தையின் பெயரையோ, தாங்களே தேர்ந்த பெயரையோ அவர்கள் வைத்துக்கொண்டார்கள். 1865இல் தொடங்கப்பட்ட விடுதலைபெற்றோர் பணியகத்தின் கோப்புகளும், 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலைபெற்றோர் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகளும் பெற்றோர், உடன்பிறந்தோர், சில இடங்களில் பழைய உரிமையாளர் பெயர் வரை தருவதால், 1870க்கு அப்பால் போக அவையே கைகொடுக்கும்.

"எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்த அந்தத் தீவின் அதிகாரிகள், கப்பல் நிறுவனம் புறப்படும் துறைமுகத்தில் எழுதிக்கொடுத்த பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்கள். புதிதாகப் பெயர் எழுதுவது அவர்கள் வேலையல்ல. மாற்றம் பெரும்பாலும் குடியேறியவர்கள் வேலையிலும் பள்ளியிலும் தாங்களே செய்துகொண்டது. 1900, 1910, 1920 ஏடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர் படிப்படியாகச் சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

அயர்லாந்தில் இழப்பின் கதை நீளமானது. 1861, 1871 ஏடுகள் கணக்கிட்டு முடித்தவுடனேயே அழிக்கப்பட்டன. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக்கூழாக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. 1901, 1911 முழுமையாகத் தப்பின. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. எரிந்த ஏடுகளிலிருந்தும் ஒரு துண்டு எதிர்பாராத வழியில் பிழைத்தது. 1908இல் எழுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, பொதுப் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியிருந்ததால் அவர்களிடம் சான்று இல்லை. 1841, 1851 ஏடுகளில் தேடி வயதை உறுதிசெய்யச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் இன்றும் உள்ளன. ஐரிஷ் பெயர்களில் 'ஓ', 'மாக்' முன்னொட்டுகள் விடப்படுவதும் மீண்டும் ஒட்டப்படுவதும் சகஜம். 1901இல் சல்லிவனாக இருந்தவர் 1911இல் ஓ'சல்லிவனாக இருந்தால் இருவர் என்று எண்ணக் கூடாது.

வழிவழியாக வரும் குடும்பப்பெயரே இல்லாத ஏடுகளும் உண்டு. ஐஸ்லாந்து 1703இல் நாட்டு மக்கள் 50,358 பேரையும் கணக்கெடுத்தது. நார்வேயில் 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நாடு முழுவதற்கும் ஆள்வாரியாக இருக்கிறது. ஆனால் ஹான்ஸின் மகன் ஹான்சென், அவன் மகள் பெயர் வேறு, பேரன் பெயர் இன்னும் வேறு. நார்வேயில் இதோடு பண்ணையின் பெயரும் சேரும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். 1923இல் சட்டம் வந்த பிறகே நிலையான குடும்பப்பெயர் அங்கே கட்டாயமாயிற்று. இத்தகைய இடங்களில் ஊரையும் பண்ணையையும் பிடித்துக்கொண்டு, திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் முன்னேற முடியும்.

எல்லா நாடுகளும் ஆள்வாரித் தாள்களைப் பாதுகாக்கவில்லை. ஆஸ்திரேலியா நெடுங்காலம் அவற்றை அழித்தே வந்தது. 2001 முதல்தான் சம்மதித்தவர்களின் பெயருடன் கூடிய விவரங்கள் 99 ஆண்டுக்குப் பிறகு திறப்பதற்காக வைக்கப்படுகின்றன. இந்தியாவில் 1881 முதல் பத்தாண்டுக்கொருமுறை வெளியான தொகுதிகளில் சாதி (1931 வரை), தொழில், மொழி எண்ணிக்கைகள் உண்டு, ஆட்களின் பெயர்கள் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் தாள்களைப் பார்வையிடுவதையும் தடுக்கிறது.

குடும்பப்பெயரின் பரவலைக் காட்டும் வரைபடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1881ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏடு முழுவதையும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்ததால், ஒரு பெயர் எங்கே அடர்ந்திருந்தது என்று கண்டுகொள்ளலாம். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் எல்லாப் பெயரும் லண்டனில்தான் குவிந்திருக்கும். மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். அரிய பெயர் ஒரே கவுண்டியில் குவிந்திருந்தால் அது எங்கே தேடலாம் என்பதற்கான குறிப்பாகும். உறவுக்கான சான்று ஆகாது. வேல்ஸில் தந்தை பெயர்களிலிருந்து பிறந்த ஜோன்ஸ், டேவிஸ் போன்றவற்றுக்கு இந்த வரைபடம் அநேகமாக எதையும் சொல்லாது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. ஏட்டில் கண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் காப்பக எண்ணை, அதாவது 1881க்கு 'ஆர்ஜி 11', 1911க்கு 'ஆர்ஜி 14' என்று தொடங்கும் தொடர் எண், அதன் உட்பிரிவு எண், தாள் எண், பக்க எண் ஆகியவற்றோடு குறித்து வையுங்கள். இணையத் தளங்கள் ஒரே பக்கத்துக்கு வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் அட்டவணை போட்டிருப்பதால், பெயரால் ஒருமுறை கண்ட பக்கத்தை அதே பெயரால் வேறு தளத்தில் மறுபடி காண முடியாமல் போகும். காப்பக எண் இருந்தால் எந்தத் தளத்திலும் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். பெயரை ஏட்டில் உள்ளபடியே, பிழையோடும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் திருத்தி எழுதிவிட்டால், அடுத்த முறை அந்தப் பிழையான வடிவத்தைத் தேட வேண்டும் என்ற தடயமே உங்களிடம் இருக்காது.